தோலில் தைத்த உள்துணி: ஜப்பானியப் பச்சைகுத்துப் பாணியின் கூறுகளும் கலைமூலங்களும்

தமிழில் வழங்கும் 'பச்சை குத்துதல்' என்னும் தொடர் நிறம் ஒன்றையும் வினை ஒன்றையும் இணைத்து ஆகியது. குத்தப்படுவது பெரும்பாலும் கரியே. எனினும் தோலின் கீழடுக்கில் தங்கிய பின் அது கருமையாகத் தோன்றுவதில்லை. மேற்தோலின் வழியே ஒளி சிதறி வருவதால் நீலமும் பசுமையும் கலந்த நிறமாகவே கண்ணுக்குப் படுகிறது. கலந்த பொருளைக் கொண்டு பெயரிடாமல், கண்ட நிறத்தைக் கொண்டு பெயரிட்டது தமிழ் வழக்கு எனக் கருத இடமுண்டு. ஜப்பானியர் இக்கலைக்கு இட்ட பெயர்களுள் ஒன்று 'ஷிசேய்'. அதனை எழுதப் பயன்படும் இரு சீன எழுத்துகளுள் முன்னது 'குத்து' என்னும் பொருளுடையது. பின்னது நீலத்தையும் பச்சையையும் வேறுபடுத்தாது ஒருசேரக் குறிப்பது. சொல்லுக்குச் சொல் நிறுத்தினால் 'பச்சை குத்து' என்பதே அதன் தமிழாக்கம். தானிஸாகி ஜுன்இசிரோ 1910இல் எழுதிய புகழ்பெற்ற சிறுகதையின் தலைப்பும் இச்சொல்லே. இவ்விரு பெயர்களுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ஒரே இயற்கை நிகழ்வைக் கண்ட இருவேறு மொழியினர் ஒரே வகையில் பெயரிட்டனர், அவ்வளவே. ஒப்புமை கண்டவிடமெல்லாம் தாக்கத்தைத் தேடும் போக்கு ஒப்பாய்வாளரிடையே இன்றும் இருப்பதால் இதனை முதற்கண் சொல்ல வேண்டியுள்ளது.

ஜப்பானியப் பச்சைகுத்துப் பாணியின் தோற்றம் பற்றி வழங்கும் கூற்றும் இவ்வகைப்பட்டதே. எதோ காலத்து மரக்கட்டை அச்சோவியங்களிலிருந்து, குறிப்பாக உதாகாவா குனியோஷியின் வீரர் வரிசையிலிருந்து, இப்பாணி பிறந்தது என்பர். முதுகில் குத்திய உருவத்தையும் தாளில் அச்சிட்ட உருவத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு இதில் ஐயம் எழாது. இக்கூற்று பொய்யன்று. ஆயினும் அது பாணியின் பாடுபொருளை மட்டுமே விளக்குகிறது, அமைப்பை விளக்கவில்லை. மார்பின் நடுவே வெற்றிடம் விடுவது ஏன், கையின் குறிப்பிட்ட அளவில் படம் நின்றுவிடுவது ஏன், உருவங்களைச் சூழ்ந்து அலையும் காற்றும் முகிலும் உடல் முழுதும் பரவுவது ஏன் என்னும் வினாக்களுக்கு அச்சோவியத்தில் விடை இல்லை. இவ்வினாக்களுக்கு விடை ஆடையில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நூலிலிருந்து படத்திற்கு

மூலம் ஓர் இலக்கியம் என்பது தமிழாய்வாளர் கருத்தைக் கவரும் செய்தியாகும். 'ஷுய் ஹு ஜுவான்' என்னும் சீன நாவல், ஊழல் அதிகாரிகளின் கொடுமைக்கு அஞ்சியும் சினந்தும் சதுப்புநிலம் சூழ்ந்த மலையொன்றில் கூடிய 108 பேரின் கதை. 18ஆம் நூற்றாண்டிலேயே இது ஜப்பானிய மொழிக்கு வந்து 'சுயிகோதென்' என்னும் பெயரில் பரவியது. 1805இல் பாகின் எழுத்திலும் ஹொகுசாய் ஓவியத்திலும் புதிய பதிப்பொன்று வெளிவரத் தொடங்கியது. 1827 அளவில் குனியோஷி இவ்வீரர்களை ஒருவருக்கு ஒரு தாள் என வண்ண அச்சோவியங்களாக வரையத் தொடங்கினார். அதுவரை பெரிதும் அறியப்படாதிருந்த அவருக்கு நிலையான புகழை ஈட்டித் தந்தது இவ்வரிசையே.

மூல நாவலில் பச்சை இருவகையாக இடம்பெறுகிறது. ஒன்று அழகுக்காகக் குத்திக்கொண்டது. உடலில் ஒன்பது நாகங்களைத் தாங்கிய ஷி ஜின், உடலெங்கும் மலர் பொறித்த துறவி லூ ஜிஷென், யான் சிங் முதலியோர் இவ்வகையினர். மற்றொன்று தண்டனையாக முகத்தில் குத்தப்பட்டது. லின் சொங், தலைவனாகிய சோங் ஜியாங் ஆகியோர் நாடு கடத்தப்பட்டபோது பெற்ற வடு இது. அரசு இட்ட எழுத்தும் தாமே விரும்பி இட்ட ஓவியமும் ஒரே நூலில், ஒரே கூட்டத்தாரின் உடல்களில் எதிரெதிரே நிற்கின்றன. இம்முரணை நாவலாசிரியர் எண்ணித்தான் அமைத்தாரா என்பது வேறு ஆய்வுக்குரியது. எதோ நகரத்து வாசகர்க்கு இது வெறுங்கதையாக இருந்திருக்காது. ஷோகுன் யோஷிமுனேயின் சீர்திருத்தங்களின் பகுதியாக, 1720 முதல் அங்கும் குற்றவாளிகளின் கையில் கோடுகள் குத்தப்பட்டு வந்தன.

அழகுப் பச்சை உடையோர் நாவலில் ஒரு சிலரே. குனியோஷி அத்தொகையைப் பன்மடங்கு பெருக்கினார். நூலில் பச்சையின்றி வரும் வீரர்க்கும் தோளிலும் முதுகிலும் தொடையிலும் நாகம், சிங்கம், மலர் ஆகியவற்றைச் சூட்டினார். மூலத்தை மீறிய இச்செயலே பின்வந்த வரலாற்றுக்கு வித்தாகியது. வளைந்து திருகிய தசைமேல் ஓர் உருவம் எவ்வாறு படியும், தோளில் தொடங்கும் நாகத்தின் உடல் விலாவில் எங்கே மறைந்து எங்கே வெளிப்படும் என்பவற்றை அவர் தாளிலேயே வரைந்து பார்த்தார். அவர் வழங்கியது உருவங்களை மட்டுமன்று. உடலைத் தளமாகக் கொண்டு படத்தை அமைக்கும் முறையையும் வழங்கினார்.

இவ்விடத்தில் தாக்கத்தின் திசை குழம்புகிறது. எதோ நகரத்தில் குனியோஷிக்கு முன்பே பச்சை குத்திக்கொள்வோர் இருந்தனர். அவர்களைக் கண்டே அவர் வரைந்திருக்கலாம். அவர் வரைந்ததைக் கண்டு அவர்கள் பின்னும் குத்திக்கொண்டனர். 1862இல் மேடையேறிய கவாதாகே மொகுஆமியின் கபுகி நாடகத்தில், பெண் வேடமிட்டு வந்த திருடன் பெந்தென் கொஸோ தன் ஆடையை நழுவவிட்டுப் பச்சையைக் காட்டித் தன்னை வெளிப்படுத்தும் காட்சி இன்றும் நடிக்கப்படுகிறது. தெரு, தாள், மேடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பின்னாளில் பச்சை உடைய வீரனை அவனது பச்சையுடனேயே முதுகில் குத்திக்கொள்ளும் வழக்கமும் தோன்றிற்று. தோலில் ஒரு மனிதன், அவன் தோலில் ஒரு நாகம். உரைக்கு உரை எழுதிய மரபில் வந்த நமக்கு இது விளங்காத விளையாட்டன்று.

மரக்கட்டையும் தோலும்

இக்கலைஞர்கள் தம் தொழிலை 'இரெஸுமி' என்னும் சொல்லால் குறிக்கப்படுவதைப் பலகாலும் விரும்புவதில்லை. 'மை இடுதல்' என்னும் பொருளுடைய அச்சொல் தண்டனைப் பச்சைக்கும் வழங்கியதே காரணம். அவர்கள் ஏற்பது 'ஹோரிமோனோ', அதாவது செதுக்கப்பட்டது. தொழிற்பெயர்களும் செதுக்குதலைக் குறிக்கும் 'ஹோரி' என்னும் முன்னொட்டுடன் தொடங்குகின்றன. யோகோஹாமாவின் மூன்றாம் ஹோரியோஷி இதற்கு நன்கறிந்த சான்று. மரக்கட்டை செதுக்குபவர்க்கும் பச்சை குத்துபவர்க்கும் 'ஹோரிஷி' என்ற ஒரே பெயர். இதனைக் கொண்டு, மரம் செதுக்கியவர்களே பச்சை குத்துவோராயினர் என முடிவு கட்டுவது உண்டு. சொல்லொற்றுமை மட்டும் தொழிலொற்றுமைக்குச் சான்றாகாது. மதிப்புள்ள தொழிலின் பெயரை மதிப்புக் குறைந்த தொழில் ஏற்றுக்கொள்வது எங்கும் நிகழ்வதே.

ஆனால் செயல்முறையை நோக்கும்போது உறவு உறுதிப்படுகிறது. அச்சோவியத்தில் ஓவியர் மெல்லிய தாளில் தூரிகையால் வரைகிறார். அத்தாள் கட்டைமேல் ஒட்டப்பட்டு, கோடுகளை விட்டுவிட்டு ஏனைய பகுதி அகழப்படுகிறது. வரைந்த தாள் அதிலேயே அழிந்துபோகும். முதலில் கருங்கோட்டுக் கட்டை. பின்னர் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கட்டை. பச்சை குத்தும் மரபு முறையிலும் முதலில் புறக்கோடு, அதாவது சூஜிபோரி. அது முழுமையுற்ற பின்னரே நிழலும் நிறமும். நிழலை இருளிலிருந்து ஒளிக்குப் படிப்படியாக மங்கச் செய்யும் உத்திக்கு இரு கலைகளிலும் 'போகாஷி' என்பதே பெயர். அச்சில் இது கட்டைமேல் பூசிய நிறத்தை ஒருபுறம் துடைத்தெடுப்பதால் விளைவது. தோலில், மூங்கில் அல்லது உலோகப் பிடியின் நுனியில் வரிசையாகக் கட்டிய ஊசிகளை, இடக்கைப் பெருவிரலைத் தாங்கலாகக் கொண்டு, சாய்வாகத் தள்ளித் தள்ளிக் குத்துவதால் விளைவது. கருவி வேறு, விளைவு ஒன்று. கருமை அடர்ந்த ஓரத்திலிருந்து தோலின் இயல்பு நிறம்வரை மங்கிச் செல்லும் அந்நிழலே இப்பாணியை ஏனையவற்றிலிருந்து முதற்பார்வையிலேயே பிரித்துக் காட்டுகிறது. கைக்கருவியால் இட்ட போகாஷியின் மென்மை பொறியில் கிட்டாது என்பர். அதனாலேயே மூன்றாம் ஹோரியோஷி போன்றோர் புறக்கோட்டுக்குப் பொறியை ஏற்றுக்கொண்ட பின்னும் நிழலைக் கையாலேயே குத்தினர்.

வேறுபாடும் உண்டு. கட்டை நூற்றுக்கணக்கான படிகளைத் தரும். தோலோ ஒரே படி. அச்சுக்கட்டையும் அதுவே, தாளும் அதுவே. உடையவர் மறையும்போது படமும் மறையும். மருத்துவர் ஃபுகுஷி மசாஇசி (1878–1956) இறந்தோரின் பச்சைத் தோல்களைத் திரட்டிப் பாதுகாத்தார். அத்தொகுப்பு தோக்கியோப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தில் உள்ளது. அறிவியல் நோக்கில் அரிய முயற்சியே. ஆயினும் விரித்துக் காயவைத்த தோலில் நாகத்தின் கண் மூச்சோடு அசைவதில்லை. கலை நோக்கில் அவை மூலத்தின் படிகள் என்று மட்டுமே கொள்ளத்தக்கவை.

ஆடையின் உட்புறம்

மேற்குறித்த விரித்த தோல்களைப் பார்ப்பவர்க்கு முதலில் தோன்றுவது ஓவியமன்று. கழற்றி விரித்த மேற்சட்டை. இத்தோற்றம் தற்செயலானதன்று.

எதோ நகரம் மரத்தாலும் தாளாலும் ஆகிய நகரம். தீ அங்கு அன்றாட அச்சம். நகரத் தீயணைப்புப் படைகள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்கு செய்யப்பட்டன. பச்சையை மிகுதியாக விரும்பியவர்களுள் இப்படையினர் முதன்மையானோர். நாகம் மழையையும் நீரையும் தருவது என்னும் நம்பிக்கையால் அதனையே பெரிதும் குத்திக்கொண்டனர். இவர்கள் அணிந்த 'ஹிகேஷி பாந்தென்' என்னும் மேற்சட்டை, பல அடுக்குப் பருத்தித் துணியை நெருக்கமாகத் தைத்து ஆகியது. நீரில் நனைத்து அணியப்படும். அதன் வெளிப்புறத்தில் படையின் குறியும் எளிய கோலமுமே இருக்கும். உட்புறத்திலோ நாகமும் வீரரும் அலையும் சாயத்தால் விரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். தீயில் உழைக்கும்போது எளிய புறம் வெளியே. தீ அணைந்த பின்னும் விழாக்களிலும் சட்டையைத் திருப்பி அணிந்து உட்புறத்தைக் காட்டுவர். நகரத்துப் பொதுமக்கள் பட்டும் பளபளப்பும் அணிவதை அரசாணைகள் மீண்டும் மீண்டும் தடுத்த காலம் அது. தடுக்கப்பட்ட அழகு உள்துணிக்குள் ஒதுங்கியது. பச்சை அதற்கும் உள்ளே ஒதுங்கிய அழகு: உள்துணிக்கும் உள்துணி.

இவ்வாறு கொண்டால் முன்னர் எழுப்பிய வினாக்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. மார்பின் நடுவே கழுத்திலிருந்து வயிறுவரை விடப்படும் வெற்றிடத்திற்கு 'முனேவாரி' என்று பெயர். முன்புறம் திறந்த மேற்சட்டையை அணிந்தால் வெளியே தெரியும் பகுதி சரியாக அதுவே. கையில் படம் நிற்கும் அளவுகள் பத்தில் ஐந்து, பத்தில் ஏழு, பத்தில் பத்து என வழங்குகின்றன. முழங்கைக்கு மேல், முழங்கைக்குச் சற்றுக் கீழ், மணிக்கட்டு என்பன அவற்றின் எல்லைகள். பத்தில் ஏழு என்னும் அதே சொல்லால் ஜப்பானியர் இன்றும் முக்கால் கைச் சட்டையைக் குறிக்கின்றனர். படம் முடியும் ஓரத்திற்கு 'மிகிரி' என்று பெயர். பியோனி மலரின் இதழ்போல் வளைந்து முடிவது, பைன் இலைபோல் கூர்த்து முடிவது, கத்தியால் வெட்டினாற்போல் நேராக முடிவது, விடியல்போல் மங்கி முடிவது என அதற்குள்ளும் வகைகள் உள. துணிக்குக் கரை உண்டு. அச்சோவியத்திற்கோ சட்டம்தான் உண்டு. மிகிரி சட்டமன்று, கரை.

பின்புலமும் அத்தகையதே. 'காகுபோரி' என்னும் பின்புலத்தில் அலை, காற்றுப் பட்டை, முகில், பாறை ஆகியன முதுகிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து மார்புக்கும் தொடுப்பறாது செல்கின்றன. ஒரு பெரிய உருவமும் அதனைச் சூழ்ந்த ஒரே வெளியுமாக உடலைக் கொள்ளும் இம்முறை, தைத்த பின் எவ்வாறு தோன்றும் என்பதை முன்னரே எண்ணித் துணி முழுதும் சாயமிடுவோரின் முறை. குனியோஷி ஒரு பட்டுச் சாயத் தொழிலாளரின் மகன் என்னும் செய்தி அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாகக் கடந்து செல்லப்படுகிறது. பச்சையின் வரலாற்றில் அது ஒரு வரிக்குமேல் பெற வேண்டிய செய்தி. கபுகி மேடையிலும் பச்சை சில வேடங்களில் துணியாகவே வந்தது: தோல்நிற உள்ளாடைமேல் பச்சையைத் தீட்டி நடிகர் அணிந்துகொள்வார். ஆடையிலிருந்து தோலுக்குச் சென்றது மீண்டும் ஆடையாகியது.

உருவங்களின் சேர்க்கையில் மற்றொரு கட்டுப்பாடு செயற்படுகிறது. செர்ரி இளவேனிலுக்குரியது, சிவந்த மேப்பிள் இலை கூதிர்க்குரியது, சிங்கத்திற்கு இணை பியோனி. மரபறிந்த கலைஞர் பருவத்தோடு பொருந்தாத மலரை ஓர் உருவத்தின் அருகே இடுவதற்குத் தயங்குவார். முதல், கரு, உரி எனப் பயின்றவர்க்கு இவ்விடத்தில் திணை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அங்கு உரிப்பொருள் இல்லை. பொழுதும் கருப்பொருளும் மட்டுமே இணைகின்றன. ஒப்புமையை அவ்வளவில் நிறுத்திக்கொள்வதே நன்று.

தடையும் பயணமும்

மெய்ஜி அரசு 1872இல் பச்சை குத்துதலைத் தடை செய்தது. மேலைநாட்டார் கண்ணில் ஜப்பான் நாகரிகமற்றதாகத் தோன்றக்கூடாது என்பது தடையின் நோக்கம். நடந்ததோ வேறு. அம்மேலைநாட்டாரே துறைமுகங்களில் இறங்கிப் பச்சை குத்திக்கொண்டனர். 1881இல் கடற்படை இளைஞராக ஜப்பானுக்கு வந்த இங்கிலாந்து இளவரசர் ஜார்ஜ் தம் கையில் நாகமொன்றைக் குத்திக்கொண்டார். அவரே 1911இல் தில்லி தர்பாரில் இந்தியப் பேரரசராக வீற்றிருந்த ஐந்தாம் ஜார்ஜ். அரச உடையின் கைக்குள் ஜப்பானிய நாகம் அன்றும் இருந்தது. தடை 1948இல் நீங்கிற்று. முக்கால் நூற்றாண்டு மறைவில் இருந்ததன் விளைவாகவும், பின்வந்த திரைப்படங்களின் விளைவாகவும், இக்கலை யாகுஸா என்னும் குற்றக்குழுக்களின் அடையாளமாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. பொதுக் குளியலகங்கள் பலவற்றில் பச்சை உடையோர்க்கு இன்றும் இடமில்லை.

கடல் கடந்த வரலாற்றில் இருவர் முதன்மையானோர். ஹொனலூலுவில் தொழில் செய்த நார்மன் காலின்ஸ் (1911–1973), கடலோடி ஜெர்ரி எனப் பெயர் பெற்றவர். கிஃபு நகரத்து ஹோரிஹிதேயுடன் கடிதத் தொடர்பு கொண்டு பின்புலத்தோடு கூடிய பெரிய அமைப்பைக் கற்றார். அவர் வழியில் வந்த டான் எட் ஹார்டி 1973இல் கிஃபுவுக்கே சென்று ஹோரிஹிதேயிடம் பணியாற்றினார். ஹார்டி சான் பிரான்சிஸ்கோ கலைக்கல்லூரியில் அச்சோவியம் பயின்று 1967இல் பட்டம் பெற்றவர் என்பது கருதத்தக்கது. அச்சின் இலக்கணம் அறிந்தவராதலால் போகாஷியை அவர் கருவியின் வித்தையாகக் கொள்ளாமல் மொழியாகக் கொண்டார். அதுவரை அமெரிக்கப் பச்சை, சுவரில் தொங்கும் மாதிரித் தாளிலிருந்து நங்கூரம், கழுகு, இதயம் எனத் தனித்தனியே தெரிந்தெடுத்து ஒட்டிய முத்திரைகளின் தொகுதியாகவே இருந்தது. உடல் முழுதையும் ஒரே அமைப்பாகக் காணும் பார்வை அங்குச் சென்றது இவ்வழியே.

இன்று மும்பையிலும் பெங்களூரிலும் சென்னையிலும் பச்சைக் கடைகளில் 'ஜப்பானியப் பாணி' என்று கேட்டால், முன்கையில் ஒரு கெண்டையும் இரண்டு அலைகளும் கிடைக்கும். கோடு சரியாகவே இருக்கும்; நிழலும் பொறியால் இயன்ற அளவு இருக்கும். ஆனால் அலை எங்கிருந்தும் வருவதில்லை, எங்கும் செல்வதுமில்லை. ஓரத்தில் மிகிரி இல்லாமையால் படம் தோலின் நடுவே அறுந்து நிற்கும். வாங்குவோர் மீது குறை கூறுவதற்கில்லை. முழு முதுகுக்குப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் வேண்டும். குறை கூற வேண்டுவது, இப்பாணியை உருவங்களின் பட்டியலாகவே அறிமுகம் செய்யும் நூல்களையும் பட்டியல்களையும்தான். நாகம், கெண்டை, முகமூடி, பியோனி என எண்ணிச் செல்லும் அவற்றுள் முனேவாரிக்கும் மிகிரிக்கும் பெரும்பாலும் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. அச்சோவியமே மூலம் என்று கொண்டதன் விளைவு இது: தாளில் கண்டதை எண்ணினர், தாளில் இல்லாததை விட்டனர்.

இவ்வாய்வு அழகியலோடு நின்றுவிடும் ஒன்றன்று என்பதற்கு அண்மைக் காலத்து வழக்கொன்று சான்று. ஓசாகாவில் பச்சை குத்தும் கலைஞர் ஒருவர், மருத்துவ உரிமமின்றித் தோலில் ஊசியைச் செலுத்தினார் என மருத்துவர் சட்டத்தின்கீழ் 2015இல் குற்றம் சாட்டப்பட்டார். கீழ் நீதிமன்றம் 2017இல் தண்டம் விதித்தது. உயர் நீதிமன்றம் 2018இல் விடுவித்தது. ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அவ்விடுதலையை உறுதி செய்தது. பச்சை குத்துதலுக்கு வேண்டுவது மருத்துவத்தினின்று வேறுபட்ட, கலை சார்ந்த அறிவும் திறனும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. கலைமூலம் எது என்னும் வினா ஒருவரின் தொழிலுரிமையைத் தீர்மானிக்கும் வினாவாக அங்கு மாறியது. தீர்ப்பு கலை என்ற அளவில் நின்றது. எக்கலை என்று கேட்க அதற்குத் தேவையில்லை. அக்கேள்வி ஆய்வாளர்க்குரியது. அதனைத் தொடர விரும்புவோர் குனியோஷியின் தாள்களோடு, அருங்காட்சியகங்களில் உள்ள தீயணைப்பாளர் மேற்சட்டைகளையும் உட்புறம் வெளியே தெரியத் திருப்பிவைத்துப் பார்த்தல் வேண்டும்.